7. இதயக் கோளாறு என்று சொன்னார்கள்

மெக்சிகோ நகரத்தில் வளர்ந்த ஒரு சிறுமிக்குத் தன் தாய்வழித் தாத்தா அன்பே உருவான மனிதராகத்தான் தெரிந்திருந்தார். அவர் இறந்தபோது இதயக் கோளாறு என்று வீட்டில் சொன்னார்கள். அதைச் சந்தேகிக்க அவளுக்கு எந்தக் காரணமும் இல்லை. வளர்ந்தாள், மருத்துவரானாள். அமெரிக்காவுக்குப் போய், போதைக்கு அடிமையானவர்களின் மூளையில் என்ன நடக்கிறது என்று கண்டறிவதையே வாழ்நாள் வேலையாக ஏற்றுக்கொண்டாள். பல ஆண்டுகள் கழித்து, மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்த அம்மா மகளிடம் உண்மையைச் சொன்னார். தாத்தா குடிநோயாளியாக இருந்தார். குடிக்காமல் இருக்க முடியவில்லையே என்று தன்னைத் தானே வெறுத்து, அந்த வேதனையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்த மகளின் பெயர் நோரா வோல்கோவ். அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தை 2003 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர். போதை அடிமைத்தனத்தை ஒழுக்கக்கேடு என்று ஒதுக்காமல் மூளையின் நோயாகப் பார்க்க வேண்டும் என்று உலகை ஏற்கவைக்க உழைத்தவர்களில் முன்னணியில் நின்றவர். மகள் என்ன வேலை செய்கிறாள் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். இந்த விஷயத்தைப் பழித்துப் பேசாமல் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் உலகில் உண்டென்றால் அது அந்த மகள்தான். அவரிடம்கூட இதைச் சொல்ல அம்மாவுக்கு வாழ்நாள் முழுவதும் வாய் வரவில்லை.

இந்த அத்தியாயம் இரண்டு மனிதர்களைப் பற்றியது. ஒருவர் நோரா வோல்கோவ். மற்றவர் டிக் வான் டைக், அமெரிக்காவைப் பல பத்தாண்டுகள் சிரிக்கவைத்த நடிகர், பாடகர், நடனக்காரர். விஞ்ஞானியின் குடும்பம் மறைத்த அதே நோயைத் தன் புகழின் நடுவில் நின்றுகொண்டு ஊரறியச் சொன்னவர் அவர். குடிநோயின் அறிவியலைப் புரிந்துகொள்ள இருவருடைய கதையும் வேண்டும். அந்த நோயின் ஒரு பாதி மூளைக்குள் இருக்கிறது. மறு பாதி, அதைச் சுற்றி நாம் காக்கும் மௌனத்தில் இருக்கிறது.

எலும்பே இல்லாத உடல்

டிக் வான் டைக் 1925 டிசம்பர் 13 அன்று மிசௌரி மாநிலத்தின் வெஸ்ட் பிளெயின்ஸ் ஊரில் பிறந்தார். வளர்ந்தது இல்லினாய் மாநிலத்தின் டேன்வில். இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையில் சேரப் போனார். எடை போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். விடாமல் முயன்று சேர்ந்தார். அங்கே வானொலி அறிவிப்பாளராகவும் வீரர்களுக்குக் கலைநிகழ்ச்சி நடத்துபவராகவும் வேலை கிடைத்தது. போர் முடிந்ததும் நண்பர் ஒருவருடன் சேர்ந்து, இசைத்தட்டுக்கு வாயசைத்து அபிநயம் பிடிக்கும் நிகழ்ச்சியை ஊர் ஊராக நடத்தினார். நடனத்தையோ பாட்டையோ முறையாகக் கற்றவர் அல்ல. அவருக்கு இருந்ததெல்லாம் சொன்னபடி கேட்கும் ஓர் உடல். நெடுநெடுவென்ற அந்த உருவம் எலும்பே இல்லாததுபோல் வளையும், சரியும், விழப்போய் விழாமல் நிற்கும்.

1960இல் பிராட்வே மேடையில் 'பை பை பேர்டி' இசை நாடகம். அதற்காக மறு ஆண்டே டோனி விருது. 1961 அக்டோபரில் அவர் பெயரையே தாங்கிய தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. கார்ல் ரைனர் உருவாக்கிய அந்தத் தொடர் ஐந்து பருவங்கள், 158 பகுதிகள் ஓடியது. அதற்காக மூன்று முறை எம்மி விருது பெற்றார். 1964இல் 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் புகைபோக்கி துடைக்கும் பெர்ட்டாக வந்து கூரைகளின் மேல் ஆடினார். அதே படத்தில் தள்ளாடும் கிழட்டு வங்கி முதலாளியாகவும் நடித்தார். அந்த இரண்டாவது வேடம் வேண்டும் என்பதற்காக வால்ட் டிஸ்னி ஆதரித்த கலைக் கல்லூரிக்கு 4,000 டாலர் நன்கொடை கொடுத்தார் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நகைச்சுவை, பாட்டு, ஆட்டம், ஊமை அபிநயம், பிற்காலத்தில் துப்பறியும் மருத்துவர் வேடம் என்று ஒரே மனிதர் இத்தனை துறைகளில் விருது வாங்கும் உயரத்துக்குப் போனது அபூர்வம்.

இந்த மனிதர் இயல்பில் கூச்ச சுபாவம் உள்ளவர். மேடையில் எழுதிவைத்த வசனம் கைகொடுக்கும். விருந்தில் நான்கு பேர் நடுவே நின்று பேச அவருக்குத் துணை வேண்டியிருந்தது. இளமையில் அவ்வளவாகக் குடிக்காதவர், முப்பதுகளின் வயதில், அக்கம்பக்கத்து விருந்துகளில்தான் அந்தத் துணையைக் கண்டுபிடித்தார். ஒரு கோப்பை உள்ளே போனதும் கூச்சம் விலகியது. பேச்சு வந்தது. விருந்துக்காகத் தொடங்கியது மெல்ல மெல்ல ஒவ்வோர் இரவுக்கும் வந்துவிட்டது. காலையில் தலைபாரத்தோடு எழுந்து ஆடப்போவது எவ்வளவு கொடுமை என்பதைப் பிற்காலப் பேட்டிகளில் மறைக்காமல் சொன்னார். தொடரைப் பார்த்துச் சிரித்த கோடிக்கணக்கானவர்களுக்கு அதில் எதுவும் தெரியாது.

ஒரு சின்ன மூலக்கூறு

எத்தனால் மிக எளிய மூலக்கூறு. இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன், அவ்வளவுதான். நீரிலும் கரையும், கொழுப்பிலும் ஊடுருவும். ஆகவே குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போக அதற்குத் தடை ஏதும் இல்லை.

மூளையில் நரம்புச் செல்களை அடக்கிவைக்கும் வேதிப்பொருள் ஒன்று உண்டு, காபா. தூண்டிவிடும் வேதிப்பொருள் ஒன்று உண்டு, குளூட்டமேட். வண்டியின் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் போல இவை வேலை செய்கின்றன. எத்தனால் காபாவின் பிரேக்கை இன்னும் அழுத்துகிறது. குளூட்டமேட்டின் வேகத்தைக் குறைக்கிறது. பதற்றம் அடங்குகிறது, தயக்கம் தளர்கிறது. விருந்தில் நின்ற கூச்சக்காரருக்குக் கிடைத்த விடுதலை இதுதான். அது கற்பனையல்ல. அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் மூளை உண்மையாகவே வேறு நிலையில் இருந்தது.

ஆனால் மூளை சமநிலை தேடும் உறுப்பு. நாள்தோறும் வெளியிலிருந்து யாரோ பிரேக்கை அழுத்தினால், உள்ளிருக்கும் பிரேக்கை அது தளர்த்திக்கொள்கிறது, ஆக்சிலரேட்டரைக் கூட்டிக்கொள்கிறது. அதன் பிறகு பழைய அளவு போதவில்லை. அளவு கூடுகிறது. இப்படிச் சரிசெய்துகொண்ட மூளைக்கு ஒரு நாள் மது கிடைக்காவிட்டால், தளர்ந்த பிரேக்கோடு வண்டி சரிவில் இறங்குகிறது. கை நடுங்குகிறது, தூக்கம் போகிறது, காரணமில்லாத அச்சம் கவ்வுகிறது. முற்றிய நிலையில் வலிப்பும் சித்தக் கலக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நெடுநாள் அதிகம் குடித்தவர் மருத்துவர் துணையில்லாமல் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கூச்சத்தைப் போக்கக் குடித்தவர் இந்தக் கட்டத்தில் அச்சத்தைப் போக்கக் குடிக்கிறார். அந்த அச்சத்தை உண்டாக்கியதே குடிதான்.

நடிகர் எழுந்து நின்றார்

1972இல் வான் டைக் தாமாகவே மருத்துவமனையில் சேர்ந்தார். அதோடு கதை சுபமாக முடிந்துவிடவில்லை. விட்டதும் தொட்டதுமாகப் பல ஆண்டுகள் போயின. ஆனால் அந்த ஆண்டுகளில்தான், புகழ்பெற்ற ஒருவர் அதுவரை செய்யத் தயங்கிய ஒன்றை அவர் செய்தார்.

1974 பிப்ரவரியில் ஏபிசி தொலைக்காட்சியில் 'தி மார்னிங் ஆஃப்டர்' என்ற படம் வந்தது. வேலையும் குடும்பமும் நல்லபடி அமைந்த ஓர் எழுத்தாளர் குடியால் படிப்படியாகச் சிதைகிற கதை. குடிகாரன் என்றாலே அழுக்குச் சட்டையும் தெருவோரமும் என்று நினைத்திருந்த பார்வையாளர்கள், தாங்கள் நேசித்த நகைச்சுவை நாயகனின் முகத்தில் அந்த நோயைப் பார்த்தார்கள். அந்த நடிப்புக்கு எம்மி பரிந்துரை கிடைத்தது. அதே காலத்தில், இது தன் நோயும்தான் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

அவர் காலத்தில் அப்படிச் சொல்வது எவ்வளவு கனமானது என்பதை எண்ணிப் பாருங்கள். அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிநோயை ஒரு நோய் என்று 1956இலேயே ஏற்றுவிட்டது. ஆனால் சங்கத்தின் தீர்மானம் வேறு, வீட்டு வரவேற்பறையின் தீர்மானம் வேறு. குடும்பப் படங்களில் குழந்தைகளோடு ஆடிய ஒருவருக்குத் தன் பிழைப்பையே பறிக்கக்கூடிய வாக்குமூலம் அது.

1976 மே மாதம் வாஷிங்டனில் தேசியக் குடிநோய் மன்றம் ஒரு கூட்டம் நடத்தியது. வெவ்வேறு துறைகளில் பெயர் பெற்ற 52 பேர் அங்கே எழுந்து நின்று, தாங்கள் குடிநோயிலிருந்து மீண்டு வருபவர்கள் என்று அறிவித்தார்கள். வான் டைக் அவர்களில் ஒருவர். நிலவில் நடந்த இரண்டாவது மனிதரான பஸ் ஆல்ட்ரின் இன்னொருவர். நாடாளுமன்றத்தில் பெரும் செல்வாக்கோடு இருந்த வில்பர் மில்ஸும் அங்கே இருந்தார். நிலவுக்குப் போய்த் திரும்பும் அளவுக்கு மனக்கட்டுப்பாடு உள்ள ஒருவரும் இந்த நோய்க்கு ஆளாகியிருக்கிறார் என்றால், 'மன உறுதி இல்லாதவன்' என்ற பழைய விளக்கம் எங்கோ இடறுகிறது. அந்த இடறலை விளக்க அறிவியலுக்கு இன்னும் சில ஆண்டுகள் தேவைப்பட்டன. மூளையை உயிரோடு, வேலை செய்யும்போதே பார்க்கும் கருவி வர வேண்டியிருந்தது.

கோயோகான் வீட்டிலிருந்து வந்தவர்

அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிநோயை நோய் என்று ஏற்ற அதே 1956இல்தான் நோரா வோல்கோவ் பிறந்தார். அவர் வளர்ந்த வீடு வரலாற்றில் இடம்பெற்ற வீடு. ரஷ்யப் புரட்சித் தலைவர் லியோன் ட்ராட்ஸ்கி நாடு கடத்தப்பட்டு வாழ்ந்து, 1940 ஆகஸ்டில் தாக்கப்பட்ட கோயோகான் வீடு அது. ட்ராட்ஸ்கி அவருடைய கொள்ளுத் தாத்தா. கொலை நடந்தபோது அந்த வீட்டில் பதினான்கு வயதுப் பேரனாக இருந்த எஸ்டெபான் வோல்கோவ், பிற்காலத்தில் வேதியியலாளர் ஆனார். அவர்தான் நோராவின் அப்பா. வீட்டைப் பார்க்க வருபவர்களுக்கு நோராவும் சகோதரிகளும் சிறு வயதிலேயே சுற்றிக்காட்டுவார்கள். அப்பாவழித் துயரம் உலகுக்கே திறந்துவைக்கப்பட்டிருந்தது. அம்மாவழித் துயரம் அதே வீட்டில் பூட்டிக் கிடந்தது.

மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்த நோராவின் பாதையை மாற்றியது பெட் ஸ்கேன் பற்றி ஓர் அறிவியல் இதழில் அவர் படித்த கட்டுரை. உயிருள்ள மனிதரின் மூளை வேலை செய்வதைப் படமாகப் பார்க்கலாம் என்பது அவரைப் பற்றிக்கொண்டது. நியூயார்க்கில் மனநல மருத்துவப் பயிற்சி பெற்றார். 1980களில் டெக்சாஸின் ஹூஸ்டனுக்குப் போனார். அங்கே மனச்சிதைவு நோயை ஆராய எண்ணியிருந்தார். ஆனால் அவர் இருந்த மருத்துவமனைக்கு அதிகம் வந்தவர்கள் கோக்கைன் பழக்கத்துக்கு ஆளானவர்கள். சரி, இவர்கள் மூளையைப் பார்ப்போம் என்று தொடங்கினார்.

அந்நாளில் கோக்கைன் பெரிய தீங்கில்லாத போதை என்ற எண்ணம் பரவியிருந்தது. வோல்கோவ் பார்த்த படங்கள் வேறு கதை சொன்னன. தொடர்ந்து கோக்கைன் பயன்படுத்திய 20 பேரின் மூளை ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தபோது, பலருடைய படத்தில் ரத்தம் சரியாகப் பாயாத திட்டுகள் தெரிந்தன. சிறு சிறு பக்கவாதங்கள் வந்த மூளையைப் போல இருந்தது. போதையை நிறுத்திப் பத்து நாள் ஆன பிறகும் அந்தக் குறைபாடு மாறவில்லை. குறிப்பாக நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. இந்த முடிவுகளை உடனே ஏற்க அறிவியல் உலகம் தயாராக இல்லை. கட்டுரை 1988இல்தான் வெளிவந்தது.

முன்மூளைப் புறணிதான் 'இப்போது வேண்டாம்' என்று சொல்லும் இடம். விளைவை எண்ணிப் பார்ப்பது, ஆசையைத் தள்ளிப்போடுவது, எடுத்த முடிவில் நிற்பது எல்லாம் அதன் பொறுப்பு. மன உறுதி என்று நாம் சொல்வதற்கு உடலில் ஓர் இருப்பிடம் உண்டென்றால் பெரும்பாலும் இங்கேதான். அந்த இடமே போதையால் அடிபடுகிறது என்று அந்தப் படங்கள் காட்டின.

இருபது நிமிட வெளிச்சம்

பிறகு வோல்கோவ் லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்துக்குப் போனார். அங்கே வேதியியலாளர் ஜோனா ஃபௌலரும் மற்றவர்களும் மூளைக்குள் அனுப்பக்கூடிய கதிரியக்கச் சுவடுப்பொருள்களை உருவாக்கிவந்தார்கள்.

பெட் ஸ்கேன் வேலை செய்யும் விதம் அழகானது. மூளையில் எந்தப் பொருளைத் தேடுகிறோமோ அதில் போய் ஒட்டும் ஒரு மருந்தை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு கார்பன் அணுவை மாற்றி, கார்பன்-11 என்ற கதிரியக்க அணுவை வைக்கிறார்கள். அந்த அணு சிதையும்போது பாசிட்ரான் என்ற துகளை வெளியிடுகிறது. பாசிட்ரான் அருகிலுள்ள எலக்ட்ரானோடு மோதி அழிகிறது. அந்த இடத்திலிருந்து இரண்டு காமா கதிர்கள் நேர் எதிர்த் திசைகளில் பாய்கின்றன. தலையைச் சுற்றி வளையமாக வைத்த உணரிகள் இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்து, அவை கிளம்பிய இடத்தைக் கணக்கிடுகின்றன. கார்பன்-11இன் அரை ஆயுள் 20 நிமிடம்தான். பக்கத்திலேயே சைக்ளோட்ரான் கருவியில் அணுவைத் தயாரித்து, அவசரமாக மருந்தில் கோத்து, ஊசியில் ஏற்றிவிட வேண்டும்.

இப்படி அவர்கள் தேடியது டோபமின் என்ற வேதிப்பொருளுக்கான டி2 ஏற்பிகளை. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. டோபமினைத் தயாரிப்பவை அவற்றில் சில லட்சம் மட்டுமே. அந்தச் சில லட்சம் செல்கள்தான் 'இது முக்கியம், இதை நினைவில் வை, மீண்டும் தேடு' என்று மூளைக்குச் சொல்கின்றன. பசித்தவருக்குச் சோறு, தாகத்தில் தண்ணீர், தனிமையில் நண்பரின் குரல் எல்லாவற்றுக்கும் அந்த முத்திரை விழுகிறது. போதைப்பொருள்கள் இந்த டோபமினை இயற்கையில் எதுவும் எட்டாத அளவுக்கு ஏற்றிவிடுகின்றன. கோக்கைன் ஒரு வழியில், மது வேறொரு வழியில்.

தொடர்ந்து இரைச்சலில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வதுபோல், வெள்ளமாக வரும் டோபமினுக்கு மூளை தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. கோக்கைனுக்கு அடிமையானவர்களிடம் டி2 ஏற்பிகள் குறைந்திருப்பதையும், அந்தக் குறைவு முன்மூளையின் சோர்வோடு சேர்ந்து வருவதையும் வோல்கோவின் குழு 1993இல் காட்டியது. பின்னர் குடிநோயாளிகளிடமும் அதே குறைவைக் கண்டார்கள். ஏற்பிகள் குறைந்த மூளைக்குச் சாதாரண இன்பங்கள் எட்டுவதில்லை. குழந்தையின் சிரிப்பும் நல்ல சாப்பாடும் மங்கிப்போகின்றன. போதைகூடப் பழைய இன்பத்தைத் தருவதில்லை. ஆனாலும் கால் அங்கேதான் போகிறது.

ஏன் போகிறது? டோபமின் இன்பத்தின் பொருள் அல்ல, எதிர்பார்ப்பின் பொருள் என்பதுதான் விடை. குரங்குகளை ஆராய்ந்த வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், பழரசம் கிடைப்பதை முன்கூட்டிச் சொல்லும் விளக்கைக் குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, டோபமின் செல்கள் ரசம் வரும்போது அல்ல, விளக்கு எரியும்போதே துடிக்கின்றன என்று காட்டியிருந்தார். வோல்கோவின் குழு அதை மனிதரிடம் பார்த்தது. கோக்கைனுக்கு அடிமையானவர்களுக்கு முதலில் இயற்கைக் காட்சிகளைக் காட்டினார்கள். பிறகு யாரோ கோக்கைன் எடுக்கும் காட்சியைக் காட்டினார்கள். அவர்கள் உடலில் ஒரு துளி போதையும் ஏறவில்லை. ஆனாலும் மூளையின் பழக்கங்கள் பதியும் பகுதியில் டோபமின் உயர்ந்தது. அது எந்த அளவுக்கு உயர்ந்ததோ அந்த அளவுக்கு வேட்கையும் உயர்ந்தது. 2006இல் வெளிவந்த ஆய்வு இது.

மாலை ஆறு மணியாவது, ஒரு தெருமுனை, ஒரு நண்பரின் குரல், கண்ணாடிக் கோப்பையின் ஓசை, எது வேண்டுமானாலும் அந்த விளக்கு ஆகலாம். விளக்கு எரிந்துவிட்டால் வேட்கை முழு வேகத்தில் எழுகிறது. தடுக்க வேண்டிய முன்மூளை ஏற்கெனவே அடிபட்டுக் கிடக்கிறது. 'இன்றோடு விட்டேன்' என்று காலையில் சத்தியம் செய்தவர் மாலையில் குடிக்கிறார். பார்ப்பவர்கள் அதைப் பொய் என்கிறார்கள். காலையில் செய்த சத்தியமும் உண்மை, மாலையில் வந்த வேட்கையும் உண்மை. இரண்டையும் ஒரே மூளையில் தாங்கியவர்தான் நோராவின் தாத்தா. தன்னைக் கெட்டவன் என்று நினைத்தே அவர் போய்ச் சேர்ந்தார். அவருக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இல்லை.

நோய் என்ற சொல்லின் எல்லை

மூளை நோய் என்ற விளக்கத்துக்கு எதிர்ப்பும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களை 1970களில் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே ஹெராயினுக்கு அடிமையாகிப்போனதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். ஆனால் ஊர் திரும்பிய முதல் ஓராண்டுக்குள் அவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். போர்க்களம் போனதும் விளக்குகளும் போயின. வீடு, வேலை, உறவு என்று வாழ்வு வேறாயிற்று. மூளையை மட்டும் பார்த்தால் இந்த முடிவை விளக்க முடியாது. மனிதர் வாழும் சூழலையும் பார்க்க வேண்டும்.

வோல்கோவ் இதை மறுப்பவர் அல்ல. மூளை மாறுகிறது என்பதே சூழல் அதை மாற்ற முடியும் என்பதற்கும் ஆதாரம். மெத்தாம்ஃபெட்டமின் பழக்கத்திலிருந்து விலகியவர்களை அவர் குழு ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஓராண்டுக்கு மேல் போதையில்லாமல் இருந்தவர்களின் மூளையில், குறைந்துபோயிருந்த டோபமின் கடத்திகள் பெருமளவு மீண்டு வந்திருந்தன. மீட்சி முழுமையல்ல, வேகமும் இல்லை. ஆனால் படத்தில் கண்ணால் காணும்படி இருந்தது. மருத்துவமனையில் சில வாரம் இருந்துவிட்டு வந்தவர் மீண்டும் குடித்தால் 'திருந்தாதவன்' என்று முத்திரை குத்துகிறோம். மூளைக்கு மாதங்கள் தேவைப்படுகிற வேலைக்கு நாம் வாரக் கணக்கில் கெடு வைக்கிறோம்.

தமிழ்நாட்டில் சிகிச்சை மையங்கள் 'குடிகாரர்' என்ற சொல்லை விட்டுக் 'குடிநோயாளி' என்று எழுதுவதன் பொருளும் இதுதான். நோயாளி என்றால் குற்றத்திலிருந்து தப்பிக்க ஒரு வழி என்று சிலர் நினைக்கலாம். உண்மையில் அந்தச் சொல் பொறுப்பைக் கூட்டுகிறது. நோய் என்று தெரிந்தபின் சிகிச்சைக்குப் போவது அவர் கடமை. கொண்டுபோய்ச் சேர்ப்பதும் திரும்பி வரும்போது கதவைத் திறந்துவைப்பதும் நம் கடமை.

வான் டைக்கின் நீண்ட வாழ்வு அந்தத் திறந்த கதவுக்குச் சாட்சி. ஊரறியச் சொன்ன பிறகும் அவர் தடுமாறினார், மீண்டும் எழுந்தார், கடைசியில் குடியிலிருந்து வெளியே வந்தார். 1976இல் அவர் நடத்திய பல்சுவை நிகழ்ச்சிக்கு எம்மி கிடைத்தது. 1993 முதல் 2001 வரை 'டயக்னோசிஸ் மர்டர்' தொடரில் தன் மகன் பேரியோடு நடித்தார். 2018இல் வெளிவந்த புதிய 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் தொண்ணூறைத் தாண்டிய வயதில் மேசை மேல் ஏறி ஆடினார். 2024இல், 98 வயதில், ஒரு பகல்நேரத் தொடரின் சிறப்பு வேடத்துக்கு எம்மி பெற்றார். 2025 டிசம்பரில் நூறு வயதைத் தொட்டார். 'குடிகாரன்' என்ற சொல்லோடு அவரை 1974இலேயே ஊர் கைவிட்டிருந்தால் இவற்றில் எதுவும் நடந்திருக்காது.

குடும்ப வரலாறு என்ற கட்டம்

குடிநோய்க்கு ஆளாகும் சாத்தியத்தில் ஏறக்குறைய பாதி பரம்பரையிலிருந்து வருகிறது என்று இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் கொண்டு நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் இந்தத் துறையில் எந்த ஆய்வுக்கும் முதலில் ஒரு கேள்வி உண்டு. 'உங்கள் குடும்பத்தில் யாருக்காவது குடிநோய் இருந்ததா?' அந்தப் பதிலை வைத்துத்தான் மனிதர்களைக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள்.

வோல்கோவின் குழுவே 2006இல் அப்படி ஓர் ஆய்வை வெளியிட்டது. பரம்பரையில் குடிநோய் ஆழமாக இருந்தும் தாங்கள் குடிநோய்க்கு ஆளாகாதவர்களை ஒரு குழுவாகவும், அப்படிப்பட்ட பரம்பரை இல்லாதவர்களை இன்னொரு குழுவாகவும் வைத்து மூளையைப் படம் எடுத்தார்கள். ஆபத்தான பரம்பரையில் பிறந்தும் தப்பியவர்களிடம் டி2 ஏற்பிகள் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. அந்த ஏற்பிகள் ஒரு கேடயம்போல அவர்களைக் காத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். குடிநோய்க் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குப் பயத்தை மட்டுமல்ல, நம்பிக்கையையும் தரக்கூடிய முடிவு இது.

இப்போது தொடக்கத்தில் பார்த்த சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்து விஞ்ஞானியான அவரிடம், அம்மா உண்மையைச் சொல்வதற்கு முன் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்? 'எனக்குத் தெரிந்து இல்லை. தாத்தா இதயக் கோளாறில் இறந்தார்.' உலகின் தலைசிறந்த குடிநோய் ஆய்வாளர்களில் ஒருவர் நேர்மையாகச் சொல்லும் பதிலே தவறாக இருந்திருக்கும். அவர் தவறான குழுவில் உட்கார்ந்திருப்பார்.

மௌனம் செய்யும் கேடு இதுதான். அது நோயாளியைத் தனிமையில் கொல்வதோடு நிற்பதில்லை. அடுத்த தலைமுறை தன்னைக் காத்துக்கொள்ளத் தேவையான தகவலையும் அழித்துவிடுகிறது. ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் பிள்ளைகளிடம் சொல்லிவைக்கிறோம். 'நம் குடும்பத்தில் இருக்கிறது, நீ கவனமாக இரு' என்கிறோம். குடியால் போனவரைப் பற்றி மட்டும் வேறு காரணம் சொல்கிறோம். அம்மா மகளிடம் பொய் சொல்ல விரும்பியவர் அல்லர். அப்பாவின் பெயரைக் காக்க விரும்பினார். பெயரைக் காக்க நோயை மறைக்க வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவரைச் சுற்றியிருந்த உலகம்.

உண்மை தெரிந்த பிறகு நோரா வோல்கோவ் அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. மனநல மருத்துவர்கள் நிறைந்த அரங்கில் தாத்தாவின் கதையைச் சொன்னார், எழுதினார். தாத்தாவின் பெயர் அதனால் கெடவில்லை. அவரை நேசித்த பேத்தி அவர் பட்ட வேதனைக்குச் சரியான பெயர் வைத்தார், அவ்வளவுதான்.

டிக் வான் டைக்குக்கு நான்கு பிள்ளைகள். அவர்களிடம் ஒரு மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்டால் யோசிக்க வேண்டியதில்லை, குரலைத் தாழ்த்த வேண்டியதுமில்லை. 'இருந்தது, எங்கள் அப்பாவுக்கு. மீண்டு வந்தார்' என்று சொல்லலாம். படிவத்தில் அந்தக் கட்டம் சரியாக நிரம்பும்.